கணக்கில் ஏறாத சம்பளம்: கிளாஸ்கோ கல்தச்சர் ஒருவரின் கால்பந்து வாழ்க்கை, 1878–1888

இங்கிலாந்தில் காசு வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடிய முதல் ஆள் என்று வழக்கமாகக் காட்டப்படுபவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒரு கல்தச்சர். அவர் கைக்குக் காசு வந்தது என்பதில் பெரிய ஐயமில்லை. ஆனால் ஒப்பந்தம் என்று எதுவும் எழுதப்படவில்லை. எழுதாமல் விட்ட அந்த ஏற்பாடு எப்படி உருவாயிற்று, யாரை எவ்வளவு காலம் காப்பாற்றியது, யாரை எங்கே கைவிட்டது என்பதே இந்த ஆய்வின் பொருள். ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். கழகங்களும் தேதிகளும் பொறுப்பில் இருந்தவர்களின் பெயர்களும் உள்ளபடி இருக்கின்றன.

பின்னணி

ஆட்டக்காரர் 1857-ல் பிறந்தவர். ஆடியது பார்ட்டிக் கழகத்துக்கு. (பிற்காலத்தில் புகழ்பெற்ற பார்ட்டிக் திஸில் வேறு கழகம், இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.) பார்ட்டிக் அப்போது கிளாஸ்கோவை ஒட்டிய தனி நகராட்சி. 1872 நவம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதல் அதிகாரப்பூர்வ சர்வதேச ஆட்டம் அங்கிருந்த கிரிக்கெட் மைதானத்தில்தான் நடந்தது. கோல் இல்லாமல் முடிந்த அந்த ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் பதினொரு பேரும் குவீன்ஸ் பார்க் கழகத்தார். எடையில் குறைந்தவர்கள். ஆகவே இடித்துத் தள்ளி முன்னேறும் ஆங்கிலேய ஆட்டத்துக்கு ஈடுகொடுக்கப் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக் கொடுத்து ஆடினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கிளாஸ்கோ சுற்றுவட்டாரக் கழகங்கள் எல்லாமே அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டன. பிறகு வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷையர் விலை கொடுத்து வாங்கியது அந்தப் பழக்கத்தைத்தான். ஆட்டக்காரர் அதைச் சுமந்து வந்தவர், அவ்வளவே.

அவர் தொழிலோ கட்டடக் கல் வேலை. கிளாஸ்கோ நகரமே வெளிர்நிற மணற்கல்லால் எழுந்தது. வெட்டவும் செதுக்கவும் இணக்கமான கல். வீடு கட்டும் தொழில் முழுக்கக் கடனை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. 1878 அக்டோபர் 2-ல் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி கதவை மூடியது. வரம்பற்ற பொறுப்புள்ள வங்கி அது. 100 பவுண்டு பங்கு வைத்திருந்தவர் கடைசியில் 2,750 பவுண்டு கட்ட வேண்டி வந்தது. பங்குதாரர்களில் பெரும்பாலோர் ஓட்டாண்டி ஆனார்கள், கட்டட வேலை படுத்துவிட்டது. இருபது, இருபத்தொரு வயதுக் கல்தச்சருக்கு அந்தக் குளிர்காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பப் போதுமான காரணம் இது.

தெற்கே லங்காஷையரில் நிலைமை வேறு மாதிரி. டார்வன், பிளாக்பர்ன் இரண்டும் நெசவு ஊர்கள், இடையே ஐந்து மைலுக்கும் குறைவு. இந்தியச் சந்தைக்கான வேட்டித்துணி இங்குள்ள தறிகளிலிருந்துதான் மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. டார்வனின் பெரிய ஆலைக்கு இந்தியா மில் என்றே பெயர். (கதர் இயக்கத்தால் வேலை இழந்தவர்களைச் சந்திக்க 1931-ல் காந்தி வந்து தங்கியதும் இதே டார்வனில்.) 1878 வசந்தத்தில் முதலாளிகள் கூலியில் பத்து சதவீதம் பிடிக்கப்போவதாக அறிவிக்க, வேலைநிறுத்தம் ஒன்பது வாரம் நீடித்தது. மே மாதம் பிளாக்பர்னில் முதலாளிகள் தரப்புத் தலைவரின் வீடு கொளுத்தப்பட்டது. ஊரில் காசு வற்றிக் கிடந்த ஆண்டு அது. ஆனாலும் தொழிற்சாலைச் சட்டப்படி சனிக்கிழமை மதியத்தோடு ஆலை நின்றுவிடும். கையில் ஆறு பென்ஸும் அரை நாள் ஓய்வும் உள்ள ஆயிரக்கணக்கானவர்கள் வேடிக்கை தேடித் திரியும் ஊரில் வேலி போட்ட மைதானம் இருந்தால் வசூலுக்குப் பஞ்சமில்லை.

வந்த விதம்

1878 புத்தாண்டையொட்டி பார்ட்டிக் கழகம் லங்காஷையருக்கு வந்து டார்வனோடு ஆடியது. ஏற்பாட்டின் முதல் கண்ணி இதுதான். இரு தரப்பும் ஒருவர் ஆட்டத்தை மற்றவர் பார்த்தாயிற்று, முகவரியும் தெரிந்தாயிற்று.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பார்ட்டிக் அணியின் முன்கள ஆட்டக்காரர் ஒருவர் டார்வன் அணியில் தென்பட்டார். கிளாஸ்கோவில் சொந்தத் தொழில் நொடித்துப்போய்க் கிளம்பியவர். சில வாரங்களில் நம் கல்தச்சரும் வந்து சேர்ந்தார். முன்னவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: அவர் கால்பந்தில் நிலைக்கவில்லை, கடற்படை வீரராகச் சேர்ந்து 1882-ல் எகிப்தில் காய்ச்சலால் இறந்தார். முதல் தொழில்முறை ஆட்டக்காரர் என்ற பட்டத்துக்கு அவருக்கும் பாத்தியதை உண்டு. சில வாரம் முந்தி வந்தவர் அவர். 1876-லேயே ஷெஃபீல்டுக்குப் போன இன்னொரு கிளாஸ்கோக்காரருக்கும் உண்டு. கழக நிர்வாகி ஒருவரின் கத்திப் பட்டறையில் பெயருக்கு ஒரு வேலை கொடுத்து உட்கார வைக்கப்பட்டவர் அவர். "முதல் ஆள்" என்ற சண்டையில் எங்களுக்கு அக்கறை இல்லை. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்த முறைதான் முக்கியம்.

டார்வன் வந்த புதிதில் ஆட்டக்காரர் கல் வேலைக்குப் போனார், விரைவில் விட்டுவிட்டார். லங்காஷையர் கல் மிகக் கடினம், கையும் புஜமும் வீங்கிவிட்டது என்று பிற்காலத்தில் காரணம் சொன்னார். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அன்றே உண்டு. ஆனால் முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. கிளாஸ்கோ மணற்கல்லுக்குப் பழகிய உளியும் மணிக்கட்டும் டார்வன் பக்கத்துச் சொரசொரப்பான கடும் மணற்பாறையில் படுகிறபோது அடிக்கு அடி அதிர்வு கைக்கே திரும்பும். எந்திரக்கல் செய்யப் பயன்பட்ட பாறை இனம் அது. காரணம் உண்மையாக இருக்கலாம். அதே நேரம், வேறு வருமானம் இல்லாதவன் கை வீங்கியதற்காக மட்டும் தொழிலை விடமாட்டான் என்பதும் உண்மை.

கவனிக்கப்பட்டவை

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இரண்டு விஷயம்: வேலை இல்லை, ஆனாலும் ஆள் ஊரில் வசதியாக இருக்கிறார். உள்ளே நடந்ததை 1900-களின் தொடக்கத்தில் அவரே செய்தித்தாளிடம் ஓரளவு வெளிப்படையாகச் சொன்னார். நிரந்தரச் சம்பளம் என்று பேசவில்லை. தேவைப்படும்போது கழகப் பொருளாளரைப் பார்ப்பது. மூன்று வாரம் ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டுப் பிறகு பத்து பவுண்டு கேட்பது. கேட்டது கிடைப்பதில் சிக்கல் இருந்ததே இல்லை.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் கைதேர்ந்த தொழிலாளியின் வாரக்கூலி தோராயமாக 30 ஷில்லிங். பத்து பவுண்டு என்பது 200 ஷில்லிங். மூன்று வாரத்துக்குப் பத்து பவுண்டு என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 66 ஷில்லிங், அதாவது கல்தச்சர் கூலியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். எல்லா மாதமும் இந்த வீதத்தில் போயிருக்காது; கழகத்துக்கு அவ்வளவு வசூல் தாங்காது. ஆனாலும் உளியைக் கீழே வைக்க இது போதும்.

பணம் வந்த வழிகள் மூன்று. முதலாவது மேலே சொன்ன கேட்டு வாங்கும் முறை. ஆட்டத்தன்று வாசலில் வசூலான சில்லறையிலிருந்து பொருளாளர் எடுத்துக் கொடுப்பது. பேரேட்டில் அதைப் பயணச் செலவு என்றோ இதரச் செலவு என்றோ எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது நிதி ஆட்டம். பருவக் கடைசியில் ஒரு ஆட்டத்தை நடத்தி அதன் வசூலைக் குறிப்பிட்ட ஆட்டக்காரருக்கே கொடுத்துவிடுவது. கிரிக்கெட்டில் ஏற்கெனவே மரியாதையான வழக்கம் என்பதால் யாரும் முகம் சுளிக்கவில்லை. பார்ட்டிக்கிலிருந்து வந்த இருவருக்கும் டார்வன் முதல் பருவத்திலேயே அப்படி ஒரு ஆட்டம் நடத்திக் கொடுத்தது. மூன்றாவது வேலை ஏற்பாடு: ஆலையிலோ பட்டறையிலோ ஒரு பெயர்ப்பதிவு. நம் ஆட்டக்காரர் விஷயத்தில் இந்த மூன்றாவது வழி கண்ணில் படவில்லை. பின்னால் வந்தவர்கள் அதில்தான் ஒளிந்தார்கள்.

இதில் எது குற்றம்? 1878-ல் கண்டிப்பாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. காசு கொடுப்பதை வெளிப்படையாகத் தடுக்கும் விதி ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தில் 1882-ல்தான் வந்தது. அதுவரை இருந்தது எழுதாத மரபு. கனவான்கள் காசுக்கு ஆடமாட்டார்கள் என்ற எண்ணம். எழுதாத மரபை எழுதாத ஒப்பந்தத்தால் சமாளித்தார்கள்.

ஓவலில் மூன்று ஆட்டங்கள், 1879

இந்தச் செலவுக்கு டார்வன் பெற்றது என்ன என்பதை 1878–79 பருவத்து எஃப்.ஏ. கோப்பை (ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தின் கோப்பைப் போட்டி) காட்டுகிறது. ஆலைத் தொழிலாளிகள் நிறைந்த அணி கால் இறுதிக்கு வந்தது. எதிரே ஓல்ட் இட்டோனியன்ஸ், ஈட்டன் பள்ளியின் முன்னாள் மாணவர்கள். இடம் லண்டனின் கென்னிங்டன் ஓவல். முதல் ஆட்டத்தில் முடிய கால் மணி நேரம் இருக்கும்போது டார்வன் 1–5 என்று பின்தங்கியிருந்தது. அங்கிருந்து நான்கு கோல் போட்டு 5–5 என்று முடித்தது. கூடுதல் நேரம் ஆடலாம் என்றபோது எதிரணி மறுத்துவிட்டது. மறு ஆட்டமும் லண்டனில்தான்.

காசுக்கு ஆடக் கூடாது என்ற மரபின் உண்மையான எடை இங்கே தெரிகிறது. பயணம் ஒவ்வொன்றும் இருநூறு மைல். ஆலையில் கூலி போகும், ரயில் கட்டணம் கையிலிருந்து. ஈட்டன்காரர்களுக்கு ஓவல் வீட்டுக்கு அருகே. டார்வனில் ஊரார் நிதி திரட்டினார்கள். முந்தைய ஆண்டுதான் ஒன்பது வாரம் பட்டினி கிடந்த ஊர், ஏறத்தாழ 175 பவுண்டு சேர்த்தது. சங்கம் பத்து பவுண்டும் எதிரணி ஐந்து பவுண்டும் போட்டன. மறு ஆட்டம் 2–2. மூன்றாவது ஆட்டத்தில் டார்வன் 2–6 என்று தோற்றது. மூன்றாம் முறை லண்டன் வந்த அணியிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஓல்ட் இட்டோனியன்ஸ் அவ்வாண்டு கோப்பையை வென்றது.

ஆட்டக்காரரின் இடம் ஃபுல் பேக். அன்றைய அமைப்பில் கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டே பேர், அவர்களுக்கு முன்னால் இரண்டு அல்லது மூன்று ஹாஃப் பேக், மற்றவர்கள் எல்லாம் முன்களம். ஆஃப்சைடு விதிப்படி தாக்க வருபவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். ஆகவே இரண்டு ஃபுல் பேக்கும் ஒரே வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஒருவர் பின்னால் காவல், மற்றவர் பத்துப் பதினைந்து கெஜம் முன்னே ஏறி நிற்பார். அவர் ஏறிய கணத்தில் அவரைத் தாண்டி நிற்கும் எதிரணி முன்கள ஆட்டக்காரன் ஆஃப்சைடு ஆகிவிடுவான். எப்போது ஏறுவது என்ற கணிப்புதான் வித்தை. அரை நொடி தப்பினால் பின்னால் ஒருவரை நம்பிக் கோல் திறந்து கிடக்கும். ஆங்கிலேய ஃபுல் பேக்குகள் பந்து கிடைத்ததும் ஓங்கி உதைத்து அனுப்பிவிடுவார்கள். கிளாஸ்கோவில் பழகியவர்கள் அதைத் தன் ஹாஃப் பேக்கின் காலடியில் போய் விழும்படி தட்டுவார்கள். இதற்கு முழு அணியும் பழக வேண்டும். புதிதாக வந்த ஒருவர் மற்றப் பத்துப் பேருக்கும் ஆசிரியர் ஆவது இப்படித்தான். "ஸ்காட்ச் பேராசிரியர்கள்" என்று இவர்களைக் கேலியும் மரியாதையுமாக அழைத்ததில் பொருள் உண்டு.

1880: கழக மாற்றம்

1880 கோடையில் ஆட்டக்காரர் டார்வனை விட்டு பிளாக்பர்ன் ரோவர்ஸில் சேர்ந்தார். இந்த வாழ்க்கையில் மிகவும் ஆராய வேண்டிய முடிவு இது.

ரோவர்ஸ் பக்கக் கணக்கு எளிது. 1881 குடிக்கணக்கில் பிளாக்பர்னின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. டார்வன் முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. வாசல் வசூலும் அதே விகிதத்தில். ஆட்டக்காரர் பக்கக் கணக்கும் எளிது. டார்வனில் அவர் வாங்கியது பொருளாளரின் மனசைப் பொறுத்தது. பெரிய ஊரில் பொருளாளரின் பை பெரியது. வீடு மாற்றவும் பெரிய சிரமமில்லை. ரோவர்ஸ் நூறு பவுண்டு கொடுத்து இழுத்தது என்ற பேச்சு அன்றே பரவியது. யாரும் நிரூபிக்கவில்லை.

டார்வன் என்ன செய்திருக்க முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. ஒப்பந்தம் இல்லை. சம்பளமே கொடுக்கவில்லை என்று வெளியில் சொல்லிக்கொண்டிருந்த கழகம், சம்பளம் வாங்கியவன் ஓடிவிட்டான் என்று எந்த மன்றத்தில் முறையிடும்? இரண்டு பருவம் டார்வனைக் கேள்விகளிலிருந்து மறைத்த அதே திரை, ஆளைத் தடுக்க வேண்டிய நாளில் அவர்கள் கையையும் கட்டிப்போட்டது. நிதி ஆட்டத்தை முதல் பருவ முடிவிலேயே கொடுத்ததும் பிசகு. கையில் பிடிமானமாக இருந்திருக்கக்கூடிய ஒரே பொருளை முதலிலேயே கொடுத்துவிட்டார்கள்.

ஆத்திரம் மைதானத்தில் வெளிப்பட்டது. 1880 நவம்பரில் பிளாக்பர்னின் அலெக்ஸாண்ட்ரா மெடோஸ் மைதானத்தில் இரு கழகங்களும் மோதியபோது கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் திரண்டார்கள். நம் ஆட்டக்காரருக்கும் டார்வன் ஆட்டக்காரர் ஒருவருக்கும் கைகலப்பு மூள, கூட்டம் களத்துக்குள் புகுந்து, ஆட்டம் பாதியில் நின்றது. இரு ஊர்க்காரர்களும் இதைத் துரோகம், பேராசை என்ற சொற்களில் பேசினார்கள். எங்கள் பார்வையில் இது வெறும் வேலை மாற்றம். ஒரு முதலாளியை விட்டு இன்னொருவரிடம் போகும் உரிமை எந்த நெசவாளிக்கும் இருந்ததுதான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் போனதால் டார்வன் இடிந்துவிடவில்லை. அதே 1880–81 பருவத்தில் கோப்பையின் அரை இறுதி வரை போய் ஓல்ட் கார்த்தூசியன்ஸிடம் 1–4 என்று தோற்றது. கற்ற ஆட்டம் அணியில் தங்கிவிட்டது. வசூல்தான் பின்னர் கைகொடுக்கவில்லை.

தடையும் விசாரணைகளும், 1882–1885

ரோவர்ஸில் பலன் உடனே தெரிந்தது. 1881–82 பருவத்தில் 35 ஆட்டம் தோல்வி காணாமல் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்தது; அங்கே ஓல்ட் இட்டோனியன்ஸிடம் 0–1 தோல்வி. மறு ஆண்டு அதே ஊரின் இன்னொரு அணியான பிளாக்பர்ன் ஒலிம்பிக் அதே எதிரணியை 2–1 என்று வீழ்த்திக் கோப்பையை வடக்கே கொண்டுவந்தது. அதற்கு முன் ஆட்டக்காரர்களைப் பிளாக்பூல் கடற்கரையில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். செலவு ஒரு இரும்புப் பட்டறை முதலாளியுடையது. லண்டன் விழித்துக்கொண்டது.

1882 விதி சொன்னது இது: நேரடிச் செலவுக்கும் உண்மையாக இழந்த கூலிக்கும் மேல் ஏதாவது பெறும் ஆட்டக்காரர் கோப்பை ஆட்டங்களிலும் சர்வதேச ஆட்டங்களிலும் ஆட முடியாது, அவரை ஆடவைக்கும் கழகமும் நீக்கப்படும். விதியின் பலவீனம் "இழந்த கூலி" என்ற இடத்தில். வேலை இருப்பவனுக்கே இழக்கக் கூலி உண்டு. உளியை வைத்துவிட்ட கல்தச்சருக்கு இழப்பு ஏது? இந்தக் கேள்வியை நேராகக் கேட்டிருந்தால் நம் ஆட்டக்காரர் அன்றே சிக்கியிருப்பார். ஆனால் விசாரணை முறையீட்டின் பேரில்தான் நடக்கும். முறையிடும் கழகம் ஆதாரம் காட்ட வேண்டும். காட்ட வேண்டிய பேரேடோ எதிரியின் அலமாரியில். தவிர, முறையிடும் கழகத்துக்கும் அதே நோய் இருக்கும்.

1883–84 பருவத்தில் அக்ரிங்டன் கழகம் வெளியேற்றப்பட்டது. அரை இறுதியில் ரோவர்ஸிடம் தோற்ற நாட்ஸ் கவுண்டி, ரோவர்ஸுக்கு ஆட கிளாஸ்கோவிலிருந்து வந்த இன்னொரு ஆட்டக்காரரைக் காட்டி முறையிட்டது. போதிய ஆதாரம் இல்லை என்று தள்ளுபடி. 1884 ஜனவரியில் லண்டனின் அப்டன் பார்க், பிரெஸ்டன் நார்த் எண்ட் மீது முறையிட்டபோதுதான் கதை மாறியது. பிரெஸ்டனின் நிர்வாகி வில்லியம் சுடெல் மறுக்கவில்லை. ஆட்டக்காரர்களுக்கு ஊரில் வேலை பார்த்துக் கொடுக்கிறோம், எல்லாரும் செய்வதுதானே என்றார். பிரெஸ்டன் நீக்கப்பட்டது. மறைத்தவர்கள் பிழைத்தார்கள், ஒப்புக்கொண்டவர் மாட்டினார். இப்படி ஒரு விதியை நெடுநாள் வைத்திருக்க முடியாது என்பது சங்கத்தின் செயலாளர் சார்ல்ஸ் ஆல்காக்குக்கே தெரிந்திருந்தது. சட்டபூர்வமாக்கலாம் என்று வாதிட்டவர்களில் அவரும் ஒருவர்.

எதிர்ப்பாளர்கள் விடவில்லை. வெளியூர் ஆட்டக்காரர் ஒவ்வொருவரைப் பற்றியும் முன்பு என்ன வேலை, என்ன கூலி, இப்போது என்ன வேலை, என்ன கூலி என்று கேட்கும் படிவத்தைக் கழகங்களுக்கு அனுப்பினார்கள். இதை நேர்மையாக நிரப்பினால் லங்காஷையரில் ஒரு கழகம் மிஞ்சாது. 1884 அக்டோபரில் வடக்குக் கழகங்கள் கூடித் தனிச் சங்கம் தொடங்குவோம் என்று மிரட்டின. 1885 ஜூலை 20 அன்று லண்டன் ஃப்ளீட் தெருவின் ஆண்டர்டன்ஸ் விடுதியில் நடந்த கூட்டத்தில் தொழில்முறை ஆட்டம் அனுமதிக்கப்பட்டது.

நிபந்தனைகள் உண்டு. ஆண்டுதோறும் பதிவு. ஒரே பருவத்தில் அனுமதியின்றி இரண்டு கழகம் கூடாது. கோப்பையில் ஆட அந்த இடத்தில் பிறந்திருக்க வேண்டும் அல்லது கழகத்திலிருந்து ஆறு மைலுக்குள் இரண்டு ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும். இந்த வசிப்பு நிபந்தனை நம் ஆட்டக்காரரைத் தொடவே இல்லை. அவர் 1878 முதல் அங்கேயே இருப்பவர். புதிதாக ரயிலேற நினைத்த கிளாஸ்கோ இளைஞர்களைத்தான் தடுத்தது. முந்தி வந்தவருக்கு விதியே வேலி ஆயிற்று.

முடிவு

கோப்பை இறுதி ஆட்டத்தில் ரோவர்ஸ் 1884-ல் குவீன்ஸ் பார்க்கை 2–1 என்றும் 1885-ல் 2–0 என்றும் வென்றது. குவீன்ஸ் பார்க் அன்று காசு தொடாத கழகம். தட்டிக் கொடுத்து ஆடும் ஆட்டத்துக்கே பிறப்பிடம். சொந்தச் சரக்கிடம் இரண்டு முறை தோற்றது. 1886-ல் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனோடு முதல் ஆட்டம் கோலின்றி முடிய, டெர்பியில் நடந்த மறு ஆட்டத்தில் 2–0. மூன்று தொடர் வெற்றிக்காக ரோவர்ஸுக்கு வெள்ளிக் கேடயம் தரப்பட்டது. 1882-ஐச் சேர்த்து ஆட்டக்காரர் நான்கு இறுதிகளில் ஆடி மூன்று வெற்றிப் பதக்கம் பெற்றவர்.

ஸ்காட்லாந்துக்காக ஒரு முறைகூட ஆடவில்லை. இங்கிலாந்துக் கழகங்களுக்குப் போனவர்களை ஸ்காட்டிஷ் சங்கம் அணியில் எடுப்பதில்லை. அந்த வழக்கம் 1896-ல்தான் உடைந்தது. அப்போது அவருக்கு 38 வயது. தொழில்முறை ஆட்டத்தை ஸ்காட்லாந்து ஏற்றது 1893-ல். அதற்குள் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் எல்லை தாண்டியிருந்தார்கள்.

1888 ஏப்ரலில் ஃபுட்பால் லீக் தொடங்கியது. முன்னின்றவர் பர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் மெக்ரெகர். பன்னிரண்டு கழகங்களில் ரோவர்ஸும் ஒன்று. வாராவாரம் சம்பளம் கொடுக்க வாராவாரம் நிச்சயமான வசூல் வேண்டும் என்பதே லீக்கின் பிறப்புக் காரணம். நம் ஆட்டக்காரர் அதில் ஆடியது ஒரே ஆட்டம், 1888 டிசம்பர் 22 அன்று வெஸ்ட் பிராம்விச்சுக்கு எதிராக, வழக்கமான கோல்கீப்பர் இல்லாததால் கோலில். அன்றைய கோல்கீப்பர் தன் பாதிக் களம் முழுவதும் கையால் பந்தைத் தொடலாம் என்பதால் பழைய ஃபுல் பேக்கை அங்கே நிறுத்துவது அவ்வளவு விநோதம் இல்லை. பிறகு டார்வனில் மதுவிடுதி நடத்தினார். 1916-ல் பிளாக்பூலில் இறந்தார்.

கழகங்களின் கணக்கு வேறு. வசூலில் ரோவர்ஸுக்கு ஈடுகொடுக்க முடியாத பிளாக்பர்ன் ஒலிம்பிக் 1889-ல் கலைந்தது. டார்வன் 1891-ல் லீகுக்குள் வந்து 1899-ல் வெளியேறியது. கடைசிப் பருவத்தில் தொடர்ந்து 18 தோல்வி.

மாற்றிச் செய்திருக்கக்கூடியவை

டார்வன் 1878-ல் ஒரு பருவத்துக்கான எழுத்து ஒப்பந்தம் போட்டிருந்தால் விதி எதையும் மீறியிருக்காது, மரபைத்தான் மீறியிருக்கும். கழகத்துக்குள் மட்டும் வைத்திருக்கும் ஒரு தாள், எந்தத் தேதி வரை, எவ்வளவு, விலக எத்தனை வார முன்னறிவிப்பு என்ற மூன்று வரியோடு, 1880 கோடையில் பேரம் பேசவாவது உதவியிருக்கும். ஆனால் 1882-க்குப் பின் அதே தாள் கழகத்தை நீக்கும் ஆதாரமாக ஆகியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தக் கட்டத்தில் எழுதாமல் விட்டதே விவேகம்.

நிதி ஆட்டத்தின் காலம் தெளிவாக மாற்ற வேண்டியது. பிற்காலக் கழகங்கள் இதைப் புரிந்துகொண்டு ஐந்து ஆண்டு தொடர்ந்து ஆடியவருக்கே நிதி ஆட்டம் என்று வழக்கமாக்கின. அதுவே ஆளைத் தங்கவைக்கும் கயிறு ஆயிற்று.

சங்கம் 1882 விதியில் வேலை கொடுத்தவரின் சான்றையும் கூலிச் சீட்டையும் கட்டாயம் ஆக்கியிருந்தால் விதிக்குப் பல் இருந்திருக்கும். ஆனால் 1884-ல் படிவம் அனுப்பியபோது வந்த பிளவு இரண்டு ஆண்டு முன்னே வந்திருக்கும், அவ்வளவுதான். சட்டபூர்வமாக்குவதை 1882-லேயே செய்திருந்தால் அக்ரிங்டனும் பிரெஸ்டனும் பலியாகியிருக்கத் தேவையில்லை.

ஆட்டக்காரர் தரப்பில் மாற்றுவதற்கு அதிகம் இல்லை. எழுதாத ஏற்பாட்டில் அவருக்கு இருந்த ஆபத்து, கால் முறிந்தால் பொருளாளர் கைவிரிப்பார் என்பது. இருந்த லாபம், விரும்பிய கழகத்துக்குப் போகலாம் என்பது. லீக் 1893–94 பருவத்திலிருந்து கழகங்கள் ஆட்டக்காரரின் பதிவைத் தம் கையில் வைத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. சம்பளக் காலம் முடிந்தாலும் பழைய கழகம் விடுவித்தால்தான் இன்னொரு லீக் கழகத்துக்கு ஆட முடியும்; விடுவிக்கக் கட்டணம் கேட்கலாம். 1880-ல் டார்வனிடம் அந்தக் காகிதம் இருந்திருந்தால், நூறு பவுண்டு உண்மையாக இருக்கும் பட்சத்தில், அது போய்ச் சேர்ந்திருக்கும் இடம் ஆட்டக்காரரின் பையாக இருந்திருக்காது.